தக்கவைத்த இலாபம்: பங்கு வைத்திருக்கும் குடும்பங்கள் அறிய வேண்டிய கணக்கு

"கம்பெனி இந்த வருடம் நல்ல இலாபம் என்கிறது. எங்கள் கைக்கு வந்ததோ சொற்பம். மீதி எங்கே போனது? அது யாருக்குச் சொந்தம்? அதற்கு ஜகாத் உண்டா?" ரமளான் நெருங்கும் நாட்களில் பங்குகள் வைத்திருக்கும் சகோதரர்கள் ஆலிம்களிடம் இப்படிக் கேட்பதுண்டு. முன்பு ஊரில் ஓரிருவரிடம்தான் பங்குப் பத்திரம் இருக்கும். இன்று கைபேசியிலேயே டிமேட் கணக்கு தொடங்கிவிடலாம். கல்லூரி முடித்த பிள்ளைகளும் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களும் பங்குகள் வாங்குகிறார்கள். வாங்குவது எளிதாகிவிட்டது, வாங்கியது என்ன என்று அறிவதுதான் பின்தங்கிவிட்டது.

மேலே கேட்ட மூன்று கேள்விகளுக்கும் விடை, நிறுவனத்தின் கணக்கில் உள்ள ஒரே ஒரு வரியோடு தொடர்புடையது. ஆங்கில வழக்கில் அதை ரீட்டெயின்டு எர்னிங்ஸ் என்பார்கள். தமிழில் தக்கவைத்த இலாபம் எனலாம். அது என்ன, அதை எப்படிப் படிப்பது, மார்க்க ரீதியாக அது நம்மீது என்ன பொறுப்பைச் சுமத்துகிறது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

கூட்டுக் கடையிலிருந்து தொடங்குவோம்

இரண்டு சகோதரர்கள் தலா 5 லட்சம் ரூபாய் போட்டு ஒரு ஜவுளிக்கடை வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருட முடிவில் 3 லட்சம் இலாபம். வீட்டுச் செலவுக்காக ஆளுக்கு 50 ஆயிரம் எடுத்துக்கொண்டு, மீதி 2 லட்சத்தைக் கடையிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த 2 லட்சம் இருவருக்கும் சொந்தமானதுதான். ஆனால் கல்லாவைத் திறந்து பார்த்தால் அது அங்கே இருக்காது. பெருநாளுக்கு வாங்கிய சரக்காக அலமாரியில் இருக்கும். புதிதாகப் போட்ட கண்ணாடிக் கதவாக இருக்கும். வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கியாகக் கணக்குப் புத்தகத்தில் இருக்கும்.

வீட்டுக்கு எடுக்காமல் தொழிலிலேயே விட்ட இலாபம், வருடா வருடம் சேர்ந்துகொண்டே வருவது, இதுதான் தக்கவைத்த இலாபம். இரு சகோதரர்களும் மனமொப்பி விட்டதால் அதில் மார்க்கத் தடை எதுவும் இல்லை. ஷிர்கத் என்னும் கூட்டு வணிகத்தில் பங்காளிகள் தங்களுக்குள் இப்படிப் பேசிக்கொள்ளலாம்.

நிறுவனத்திலும் கணக்கு இதேதான். ஒரே வேறுபாடு, எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விடுவது என்பதை நாம் முடிவு செய்வதில்லை. இயக்குநர் குழு ஈவுத்தொகையைப் பரிந்துரைக்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் அதை ஏற்கிறார்கள். குழு பரிந்துரைத்ததை விடக் கூட்டித் தரும்படி பங்குதாரர்கள் தீர்மானிக்க முடியாது. ஆகவே தக்கவைத்த இலாபம் என்பது நம்முடைய செல்வம், பிறருடைய பொறுப்பில். நமது வழக்கில் சொன்னால் அது ஓர் அமானத். அமானத்தை ஒப்படைத்தவர் கணக்குக் கேட்பது குற்றமல்ல. கேட்காமல் இருப்பதுதான் கவனக்குறைவு. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282-ஆவது வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நாம் மறக்கக் கூடாது.

கணக்கில் எப்படி வரும்?

புரிந்துகொள்ள ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். செருப்பு, ஷூ தயாரிக்கும் நிறுவனம். அதற்கு 2 கோடி பங்குகள். ஒரு பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். எனவே பங்கு மூலதனம் 20 கோடி.

வருடத் தொடக்கத்தில் தக்கவைத்த இலாபம்: 40 கோடி
இவ்வருடம் வரி போக நிகர இலாபம்: 12 கோடி
வழங்கிய ஈவுத்தொகை: 4 கோடி
வருட இறுதியில் தக்கவைத்த இலாபம்: 48 கோடி

பங்கு ஒன்றுக்கு இலாபம் 6 ரூபாய். அதில் 2 ரூபாய் நம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 4 ரூபாய் நிறுவனத்திலேயே தங்குகிறது. இந்த 2 ரூபாயைச் செய்தித்தாளில் "20 சதவீத ஈவுத்தொகை" என்று போடுவார்கள். அது முகமதிப்பான 10 ரூபாயில் 20 சதவீதம். பங்கை 80 ரூபாய்க்கு வாங்கியவருக்கு அது வெறும் இரண்டரை சதவீதம்தான். இந்த இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள்.

இந்திய நிறுவனங்களின் இருப்புநிலைக் குறிப்பில், அதாவது பேலன்ஸ் ஷீட்டில், இந்தத் தொகை "அதர் ஈக்விட்டி" அல்லது "ரிசர்வ்ஸ் அண்ட் சர்ப்ளஸ்" என்ற தலைப்பின் கீழ் இருக்கும். அந்தத் தலைப்பில் இருப்பது முழுவதும் இலாபம் அல்ல. புதிய பங்குகளை முகமதிப்பை விடக் கூடுதல் விலைக்கு விற்றதால் வந்த பிரீமியமும் அங்கேதான் இருக்கும். அது முதலீட்டாளர்கள் போட்ட பணம். தொழிலில் ஈட்டியது அல்ல. நிலத்தின் மதிப்பைக் கூட்டி எழுதியதால் உண்டான தொகையும் அங்கே இருக்கலாம். அப்படிப்பட்ட, கைக்கு வராத ஆதாயத்திலிருந்து ஈவுத்தொகை வழங்க 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே மொத்தத்தைப் பார்க்காமல், உள்ளே பிரித்துக் காட்டியிருக்கும் குறிப்பைப் பார்க்க வேண்டும்.

போனஸ் பங்கு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவோம். ஒன்றுக்கு ஒன்று போனஸ் என்றால் இலவசமாக ஏதோ கிடைத்தது என்று மகிழ்வோர் உண்டு. பெரும்பாலும் அப்போது நடப்பது, தக்கவைத்த இலாபத்தின் ஒரு பகுதி பங்கு மூலதனம் என்ற பெயருக்கு மாறுவதுதான். 500 பங்கு 1000 ஆகும். ஒரு பங்கின் மதிப்பு ஏறக்குறைய பாதியாகும். ஒரு ரொட்டியை இரண்டாக வெட்டினால் ரொட்டி கூடிவிடாது.

அது பணப்பெட்டி அல்ல

நமது செருப்பு நிறுவனத்தின் முழுப் படம் இதுதான். பங்கு மூலதனம் 20 கோடி, தக்கவைத்த இலாபம் 48 கோடி, கடன்கள் 22 கோடி; மொத்தம் 90 கோடி. இந்த 90 கோடி எதில் இருக்கிறது? நிலம், கட்டடம், இயந்திரங்கள் 50 கோடி; சரக்கு 18 கோடி; வர வேண்டிய பாக்கி 12 கோடி; ரொக்கமும் வங்கி இருப்பும் 10 கோடி.

தக்கவைத்த இலாபம் 48 கோடி. கையில் உள்ள பணம் 10 கோடிதான். இதில் மோசடி எதுவும் இல்லை. 48 கோடி என்பது பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது. எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வது சொத்துகளின் பட்டியல். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சொத்துப் பட்டியலே பொய்யானால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் உண்டு. ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனம் பல ஆண்டுகள் இலாபம் காட்டி, பெரும் ரொக்க இருப்பையும் காட்டி வந்தது. 2008 டிசம்பரில், தலைவரின் குடும்பத்தோடு தொடர்புடைய இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. முதலீட்டாளர்கள் கடுமையாக எதிர்த்ததால் சில மணி நேரத்திலேயே பின்வாங்கியது. 2009 ஜனவரி 7 அன்று தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். வருடா வருடம் தக்கவைத்ததாகக் காட்டிய இலாபத்தில் பெரும்பகுதி காகிதத்தில் மட்டுமே இருந்தது.

சாதாரணக் குடும்பத்தால் இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியுமா? முழுமையாக முடியாது. ஆனால் ஒன்றைச் செய்யலாம். ஆண்டறிக்கையில் பணப்புழக்க அறிக்கை ஒன்று இருக்கும். கேஷ் ஃப்ளோ என்பார்கள். தொழிலிலிருந்து உண்மையில் வந்த பணம் எவ்வளவு என்று அதில் இருக்கும். ஐந்தாறு வருடமாக இலாபம் கூடிக்கொண்டே போகிறது, ஆனால் தொழிலிலிருந்து பணம் வரவில்லை, பாக்கி மட்டும் ஏறுகிறது என்றால் அங்கே நின்று யோசிக்க வேண்டும். தணிக்கையாளர் தமது அறிக்கையில் ஏதேனும் ஆட்சேபம் எழுதியிருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

தக்கவைத்தது நமக்கு நல்லதா?

ஈவுத்தொகை தராத நிறுவனம் மோசம் என்று சொல்லிவிட முடியாது. மைக்ரோசாஃப்ட் பங்குச் சந்தைக்கு வந்தது 1986-இல். முதல் ஈவுத்தொகையை அறிவித்தது 2003-இல். வாரன் பஃபெட்டின் தலைமையில் பெர்க்ஷயர் ஹாத்வே ஈவுத்தொகை வழங்கியது 1967-இல் ஒரே ஒரு முறைதான். இலாபத்தைத் தொழிலில் போட்டு இன்னும் பெருக்க முடிகிறவரிடம் அது தங்குவது பங்குதாரருக்கே ஆதாயம்.

பஃபெட் இதற்கு ஓர் உரைகல் சொல்லியிருக்கிறார். தக்கவைத்த ஒவ்வொரு டாலருக்கும் குறைந்தது ஒரு டாலர் அளவுக்காவது நிறுவனத்தின் சந்தை மதிப்பு காலப்போக்கில் கூடியிருக்க வேண்டும் என்பதே அது. வட்டித் தொழிலோடு சேர்ந்த அவருடைய காப்பீட்டு வியாபாரம் நமக்கு முன்மாதிரி அல்ல. ஆனால் இந்த உரைகல் நியாயமானது.

சந்தை விலை ஏறி இறங்கும் என்பதால் நாம் இலாபத்தை வைத்தும் பார்க்கலாம். ஐந்து வருடங்களில் பங்கு ஒன்றுக்கு மொத்தம் 20 ரூபாய் தக்கவைத்தார்கள். அதே காலத்தில் பங்கு ஒன்றுக்கான இலாபம் 3 ரூபாயிலிருந்து 6 ரூபாய் ஆனது. 20 ரூபாயை வைத்துக்கொண்டு வருடத்துக்கு 3 ரூபாய் கூடுதலாக ஈட்டுகிறார்கள். அதாவது 15 சதவீதம். நல்ல நிர்வாகம். 3 ரூபாய் வெறும் 3 ரூபாய் 40 காசு ஆகியிருந்தால் அது 2 சதவீதம். அப்படியானால் அந்த 20 ரூபாயை நம்மிடமே தந்திருக்கலாம்.

இலாபத்தை எப்படிப் பங்கிடுவோம் என்ற கொள்கையைச் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்று செபி விதித்துள்ளது. நிறுவனத்தின் இணையதளத்தில் அதைப் படிக்கலாம்.

கொடுப்பதெல்லாம் இலாபமும் அல்ல

இதன் மறுபக்கம் நம் சமுதாயத்துக்கு இன்னும் முக்கியமானது. மாதந்தோறும் பணம் வந்தால் போதும், அது இலாபம்தான் என்று நம்பி இழந்த குடும்பங்கள் ஏராளம். "ஹலால் முதலீடு" என்று சொல்லிப் பணம் திரட்டிய பெங்களூருவின் ஐ.எம்.ஏ. குழுமம் 2019 ஜூனில் சரிந்தபோது பல்லாயிரக்கணக்கானோர் காவல்துறையில் புகார் கொடுத்தார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். புதிதாகச் சேர்ந்தவர்களின் பணத்திலிருந்தே பழையவர்களுக்குக் கொடுக்கப்பட்டது என்பது விசாரணை அமைப்புகளின் குற்றச்சாட்டு.

முளாரபாவில் முதல் பத்திரமாக இருந்து, அதற்கு மேல் மிஞ்சுவதுதான் இலாபம் என்பது ஃபிக்ஹின் அடிப்படை. நட்டம் வந்தால் முதலில் இலாபத்திலிருந்துதான் ஈடு செய்யப்படும். அதன் பிறகே முதல் குறையும். அதனால்தான் இலாபத்தை முதலின் கேடயம் என்று ஃபுகஹாக்கள் கருதினார்கள். நிறுவனங்கள் சட்டமும் இதற்கு நெருக்கமாகவே சொல்கிறது: தேய்மானம் கழித்த பிறகு, இவ்வருட இலாபத்திலிருந்தோ முந்தைய வருடங்களில் சேர்ந்த இலாபத்திலிருந்தோதான் ஈவுத்தொகை வழங்க முடியும்.

எனவே யாரேனும் "மாதம் இவ்வளவு நிச்சயம்" என்று அழைத்தால், தாடியையும் தொப்பியையும் பார்க்காமல், தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள். இலாபம் எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, தங்கியது எவ்வளவு என்ற மூன்று எண்களைச் சொல்லத் தயங்குகிறவரிடம் பிள்ளைகளின் திருமணத்துக்குச் சேர்த்ததைக் கொடுக்காதீர்கள்.

ஜகாத் எப்படி?

இதில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஈவுத்தொகையாக வந்ததற்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுவது ஒன்று. தக்கவைத்த இலாபம் 48 கோடி என்றால் அதில் தமது பங்குக்கு அப்படியே இரண்டரை சதவீதம் போடுவது மற்றொன்று. ஜகாத் கடமையாவது அந்த எண்ணின்மீது அல்ல. பணம், விற்பனைச் சரக்கு, வரவேண்டிய பாக்கி ஆகிய சொத்துகளின்மீதுதான். இலாபம் இயந்திரமாகவோ கட்டடமாகவோ மாறியிருந்தால் அதற்கு ஜகாத் இல்லை.

சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988-இல் ஜித்தாவில் நடந்த நான்காவது கூட்டத்தில் பங்குகளின் ஜகாத் பற்றி முடிவெடுத்தது. அதன்படி, ஜகாத் பங்குதாரரின் கடமை. நிறுவனம் அவர் சார்பில் கொடுத்துவிட்டால் நிறைவேறிவிடும். விற்று இலாபம் பார்க்க வாங்கியவர், தம் பங்குகளின் அன்றைய சந்தை மதிப்புக்குக் கொடுக்க வேண்டும். வருடாந்திர வருவாய்க்காக வைத்திருப்பவர், நிறுவனக் கணக்கிலிருந்து அறிய முடிந்தால் அதன்படி கணக்கிட வேண்டும்.

நமது உதாரணத்தில் சரக்கு 18, பாக்கி 12, பணம் 10. மொத்தம் 40 கோடி. பங்கு ஒன்றுக்கு 20 ரூபாய். வருவாய்க்காக 500 பங்குகள் வைத்திருப்பவருக்கு 10,000 ரூபாய். அதில் இரண்டரை சதவீதம் 250 ரூபாய். கடன் ஜகாத்தைத் தடுக்காது என்ற ஷாஃபிஈ மத்ஹபின் கருத்துப்படி இது. ஹனஃபி மத்ஹபில் கடன் கழிக்கப்படும் என்பதால், 22 கோடியையும் கழித்தால் 18 கோடி மிஞ்சும். பங்குக்கு 9 ரூபாய். ஜகாத் 112 ரூபாய் 50 காசு. எல்லாக் கடனையும் கழிப்பதா, உடனே திருப்பித் தர வேண்டியதை மட்டுமா என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதே 500 பங்குகளை 80 ரூபாய் விலையில் வியாபாரத்துக்காக வைத்திருப்பவர் 40,000 ரூபாய்க்கு 1,000 ரூபாய் கொடுக்க வேண்டும். இத்தொகை நமது மற்ற பணம், நகையோடு சேர்ந்து நிஸாபை அடைந்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் பொது.

"கணக்குத் தெரியாது" என்ற காரணம் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களைப் பொறுத்தவரை இன்று செல்லாது. இருப்புநிலைக் குறிப்பு எவரும் பார்க்கும்படி வெளியிடப்படுகிறது.

உள்ளே கலந்திருக்கும் வட்டி

செருப்புத் தொழில் ஹலால். ஆனால் நிறுவனம் தன் பணத்தை வங்கியில் வைத்து 40 லட்சம் வட்டி வாங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட பங்கை வாங்கவே கூடாது என்போரும் உலமாக்களில் உண்டு. நிபந்தனைகளோடு அனுமதிப்போர், ஹராமான வருவாயின் அளவைக் கழித்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்கள்.

எவ்வளவு கழிப்பது என்பதில்தான் தக்கவைத்த இலாபம் குறுக்கே வருகிறது. முஃப்தி தகி உஸ்மானி அவர்கள், கைக்கு வரும் ஈவுத்தொகையில் வட்டியின் விகிதத்தைக் கழிக்கச் சொல்கிறார்கள். நமது நிறுவனத்தின் மொத்த வருவாய் 200 கோடி என்றால், அதில் 40 லட்சம் 0.2 சதவீதம். 500 பங்குகளுக்கு வந்த 1,000 ரூபாயில் 2 ரூபாய் கழிக்க வேண்டும்.

பஹ்ரைனில் உள்ள ஆயோஃபி அமைப்பின் ஷரீஆ தரநிலை வேறு வழி சொல்கிறது. ஈவுத்தொகை வழங்கினாலும் வழங்காவிட்டாலும், மொத்த ஹராம் வருவாயைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்துத் தம் பங்குக்குரியதைக் கழிக்க வேண்டும். 40 லட்சத்தை 2 கோடியால் வகுத்தால் பங்குக்கு 20 காசு. 500 பங்குகளுக்கு 100 ரூபாய்.

2 ரூபாய் எங்கே, 100 ரூபாய் எங்கே! நமக்குத் தராமல் நிறுவனத்தில் தங்கிய இலாபத்திலும் வட்டி கலந்திருக்கிறது, அதுவும் நம் பங்கின் மதிப்பைக் கூட்டுகிறது என்பதே இரண்டாவது கருத்தின் அடிப்படை. பேணுதலை விரும்புகிறவர்கள் இதையே எடுத்துக்கொள்வது நல்லது என்பது நமது கருத்து. இப்படிக் கொடுப்பது ஜகாத்தில் சேராது. ஸதகாவின் நன்மையை நாடியும் கொடுப்பதல்ல. அழுக்கைக் கழுவுவது போன்றதே அது.

வாரிசுகளின் உரிமை

தந்தை 1,000 பங்குகள் விட்டு இறந்துபோகிறார். "பத்திரத்தில் 10 ரூபாய் என்றுதான் போட்டிருக்கிறது" என்று சொல்லி, மகளுக்கு அந்தக் கணக்கில் பங்கு கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டால் அது பெரும் அநீதி. நமது உதாரணத்திலேயே, மூலதனமும் தக்கவைத்த இலாபமும் சேர்ந்து 68 கோடி. பங்கு ஒன்றுக்கு 34 ரூபாய். சந்தை விலையோ 80 ரூபாய். இத்தனை வருடங்களாக நிறுவனத்தில் தங்கிய இலாபமெல்லாம் தந்தையுடையது. இப்போது எல்லா வாரிசுகளுடையது. குறைவானாலும் அதிகமானாலும் பெண்களுக்கும் பங்கு உண்டு என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 7-ஆவது வசனம் உறுதி செய்கிறது. பங்குகளாகவே பிரிக்க வேண்டும். அல்லது பிரிக்கும் நாளின் சந்தை மதிப்புக்குக் கொடுக்க வேண்டும்.

நாமினியாகப் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றமும் 2023 டிசம்பரில் நிறுவனப் பங்குகள் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகையைக் கேட்டுப் பெறாவிட்டால், அந்தப் பங்குகளே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். பிறகு விண்ணப்பித்துத்தான் மீட்க வேண்டும். எனவே என்னென்ன பங்குகள் உள்ளன என்று எழுதி, மனைவி மக்களுக்குத் தெரியும்படி வைத்துவிடுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை

நிதியாண்டு முடிந்து ஆறு மாதங்களுக்குள், அதாவது பெரும்பாலான நிறுவனங்களுக்குச் செப்டம்பர் 30-க்குள், ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்க வேண்டும். அதற்கு முன்பே ஆண்டறிக்கை மின்னஞ்சலில் வந்துவிடும். அதைத் திறக்காமல் அழித்துவிடாதீர்கள். இவ்வருடம் எவ்வளவு தக்கவைத்தார்கள், அது எந்தச் சொத்தாக இருக்கிறது, முந்தைய வருடங்களில் தக்கவைத்தது எவ்வளவு ஈட்டியது, அதில் வட்டி எவ்வளவு கலந்தது என்ற நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்துக்கு ஒரு மணி நேரம் போதும். ஜகாத் கணக்கிடும்போதும், வாரிசுகளுக்குப் பிரிக்கும்போதும் அந்தத் தாளே கைகொடுக்கும்.

செல்வத்தை எங்கிருந்து ஈட்டினாய், எதில் செலவழித்தாய் என்ற இரு கேள்விகளுக்கும் மறுமையில் நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள். நம் கண்ணில் படாமல் எங்கோ ஒரு நிறுவனத்தின் கணக்கில் நம் பெயரில் வளரும் செல்வமும் அதில் அடங்கும். நம் சம்பாத்தியத்தை ஹலாலாகவும் பரக்கத் உள்ளதாகவும் வல்ல ரஹ்மான் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.